ஹுவார் மலைக்கு நான்கு வரியோடு போவது எப்படி: மொரீஷியஸ் தமிழர்களுக்கு ஒரு கையேடு

சீனாவின் வடமேற்கில் கான்சு, சிங்ஹாய், நிங்சியா பகுதிகளின் மலையடிவாரங்களில் கோடைதோறும் ஹுவார் பாட்டுத் திருவிழாக்கள் கூடுகின்றன. அங்கே மேடையும் ஒலிபெருக்கியும் உண்டு, மாவட்ட அதிகாரிகளின் உரையும் உண்டு. வேடிக்கை பார்க்கப் போகிறவர் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். விழாவின் உயிர் மேடையை விட்டுத் தள்ளி, பைன் மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் நிற்கும் வட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் பாடுவார்கள், எதிர்ப்பக்கம் பதில் பாடும். அந்த வட்டத்துக்குள் போக உங்களுக்குச் சீன மொழி முழுதாகத் தெரிய வேண்டியதில்லை. பாட்டின் கட்டு புரிய வேண்டும், கையில் சொந்தமாக நான்கு வரி இருக்க வேண்டும். பயண ஏற்பாட்டைவிட இந்த நான்கு வரிக்குத்தான் அதிக நாள் பிடிக்கும் என்பதால் அதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

ஹான், ஹுய், திபெத்தியர், து, துங்சியாங், பாவ்ஆன், சாலார், யூகுர், மங்கோலியர் என்று ஒன்பது இனத்தார் இந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். வீட்டில் ஒரு மொழி பேசினாலும், ஹுவார் என்று வந்துவிட்டால் பெரும்பாலும் அந்த வட்டாரத்துச் சீனப் பேச்சிலேயே பாடுவார்கள். வீட்டில் தமிழோ போஜ்பூரியோ இருந்தாலும் செகா பாட்டு என்றால் கிரியோலுக்கு மாறுகிற நம் ஊர் வழக்கத்தை அறிந்தவருக்கு இது உடனே பிடிபடும். யுனெஸ்கோ பட்டியலில் ஹுவார் 2009இல் சேர்ந்தது. நம் செகா திப்பிக் 2014இலும், போஜ்பூரிக் கல்யாணப் பாட்டான கீத் கவாய் 2016இலும் அதே பட்டியலுக்கு வந்தன.

எந்த மலை, எந்த நாள்

எல்லாத் தேதிகளும் சீனச் சந்திர மாதக் கணக்கில்தான் அறிவிக்கப்படும். அந்த மாதம் அமாவாசை நாளிலேயே தொடங்குகிறது. ஆகவே வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது: அமாவாசை முதல் தேதி, ஆறாம் தேதி ஏறத்தாழ வளர்பிறைப் பஞ்சமி அல்லது சஷ்டி, பதினைந்து பதினாறில் பௌர்ணமி. தவறு இரண்டு இடத்தில் நேரும். ஒன்று, பெய்ஜிங் கடிகாரம் நம்மைவிட 4 மணி நேரம் முந்தியது. 2027இல் ஐந்தாம் மாத அமாவாசை நமக்கு ஜூன் 4 இரவு 11 மணி தாண்டி வருகிறது, அங்கே அது ஜூன் 5 ஆகிவிடும். இன்னொன்று, சில ஆண்டுகளில் ஒரு மாதம் இரட்டிக்கும். 2025இல் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் எந்த ஆறாம் மாதம் என்று மாவட்டத்தில் கேட்டு உறுதி செய்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

முதல் முறை போகிறவருக்கு எங்கள் பரிந்துரை லியென்ஹுவா மலை. கான்சு மாநிலத்தின் காங்லே மாவட்டமும் அதன் அண்டை மாவட்டங்களும் சந்திக்கும் இடத்தில் 3,578 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஆறாம் மாதம் 1 முதல் 6 வரை விழா. 2026இல் அது ஜூலை 14 முதல் 19 வரை, 2027இல் ஜூலை 4 முதல் 9 வரை. இங்கே குழுவாகப் பாடுவதுதான் முறை. அதனால் தனியாகப் பாடக் கூச்சப்படுகிறவருக்கும் இடம் கிடைக்கும்.

மலை ஏற முடியாதவர்களுக்கு ஷினிங் நகருக்கு வடக்கே தாதுங் மாவட்டத்தில் உள்ள லாவ்யே மலை எளிது. ஆனால் அதுவும் ஆறாம் மாதம் 6ஆம் நாளில்தான் உச்சம் காணும், லியென்ஹுவாவோடு மோதும். இரண்டையும் ஒரே ஆண்டில் பார்க்க முயல வேண்டாம். ஹஜெங் மாவட்டத்துச் சுங்மிங் பாறையில் விழா நான்காம் மாதக் கடைசியில். அங்கே மீமீ என்ற சிறு இரட்டைச் சீவாளிக் குழலும் நாலு தந்தி வாத்தியமும் கேட்கலாம். மின் மாவட்டத்து அர்லாங் மலைக்கு ஐந்தாம் மாதம் 17. கிராமத் தெய்வங்கள் 18 பல்லக்குகளில் ஊர்வலம் வரும் விழா அது. சாமி புறப்பாடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தெருவில் நிற்பதே தனி நிறைவு. இரண்டு வாரம் கையில் இருந்தால் லியென்ஹுவாவை முடித்துக்கொண்டு சிங்ஹாய்க்கு ரயில் ஏறி, து மக்களின் தன்மா விழாவையும் (ஆறாம் மாதம் 11 முதல் 15 வரை), 1392இல் கட்டப்பட்ட சூதான் கோவில் விழாவையும் (14 முதல் 16 வரை) சேர்த்துக்கொள்ளலாம்.

பாட்டின் கட்டு

ஹுவாரில் இரண்டு பெரிய குடும்பங்கள். எந்த மலைக்குப் போகிறீர்களோ அதற்குரிய கட்டைத் தயார் செய்யுங்கள். ஒன்றைப் பழகிக்கொண்டு மற்றொன்றின் மலைக்குப் போனால் பதில் சொல்வதற்கு இடமே தெரியாது.

முதல் குடும்பம் லின்ஷியா வட்டாரத்து ஹஜோ ஹுவார். சுங்மிங் பாறையிலும் சிங்ஹாய் மலைகளிலும் இதுதான் ஒலிக்கும். தனியாகவோ, இருவர் மாறி மாறியோ பாடுவார்கள். நான்கு வரி. முதல் இரண்டு வரியில் மலை, குதிரை, பூ, ஆறு என்று கண்ணுக்குத் தெரிவது ஏதாவது வரும். அடுத்த இரண்டில் மனத்தில் உள்ளது வரும். நம் தெம்மாங்குக்காரர்களுக்கு இது பழகிய நடை. முதல் வரியும் மூன்றாம் வரியும் ஓசையில் ஒத்துப்போகும், இரண்டும் நான்கும் ஒத்துப்போகும். சீனத்தில் 1, 3 வரிகள் ஒற்றை அசையில் நிற்கும், 2, 4 வரிகள் இரட்டை அசையில் முடியும். கேட்கிற காது இந்த மாற்றத்துக்காகக் காத்திருக்கும். தமிழில் அதை இப்படிக் கொண்டுவரலாம் (கயிறு ஏது என்பது பின்னால் வரும்):

கரும்புக் காட்டுல காத்தடிச்சா
கணுவுக்குக் கணு பேசுதய்யா
கடல்தாண்டி வந்தவன் பாட்டெடுத்தா
கயித்தக் கொஞ்சம் எறக்குங்கய்யா

இதே பாட்டை 'இடுப்பை ஒடித்து'ப் பாடுவது இன்னொரு முறை. அதாவது 1, 3 வரிகளுக்குப் பின் மூன்று முதல் ஐந்து அசை வரை உள்ள அரைவரியைச் செருகி ஆறு வரியாக்குவது. 'காத்தடிச்சா' முடிந்ததும் 'நடுச்சாமம்' என்றும், 'பாட்டெடுத்தா' முடிந்ததும் 'வெறுங்கையா' என்றும் போட்டுப் பாடிப் பாருங்கள். அரைவரி நீண்டுவிட்டால் பாட்டு தொய்ந்துவிடும். அடிக்கடி நடக்கும் பிழை இதுதான்.

ஹஜோ மெட்டுகளை லிங் என்பார்கள். நூற்றுக்கு மேல் உண்டு. வெண்மலர் லிங், கழுதை ஓட்டிகளின் லிங், சாலார் லிங், பாவ்ஆன் லிங் என்று பூவின் பேரிலும் தொழிலின் பேரிலும் இனத்தின் பேரிலும் வழங்குகின்றன. பெரும்பாலும் ஐந்து சுரம். ச ரி2 ம1 ப த2 என்று போகும் மெட்டைக் கேட்டால் சுத்த சாவேரி காதுக்கு வரும். ச ரி2 ம1 ப நி2 என்றால் மத்யமாவதி. ராகம் தெரிந்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் உள்ளே போய்விடலாம். ஆனால் கமகத்தை விட்டுவிட வேண்டும். ஹுவாரின் அழகு ச-விலிருந்து ம-வுக்கு ஒரே தாவாகப் போய் அங்கே நீளமாக நிற்பதில் இருக்கிறது. அசைத்தால் தாவல் மழுங்கிவிடும்.

இரண்டாவது குடும்பம் தாவ்மின் ஹுவார். லியென்ஹுவா மலையில் நீங்கள் கேட்கப் போவது இது. ஒரு வரிக்கு ஏழு அசை. மூன்று வரி ஒரு பாட்டு, மூன்றும் ஒரே ஒலியில் முடியும். ஆறு வரியாக இரட்டித்தும் பாடுவார்கள். நம் மொழியில் மூன்று வரி இப்படி நிற்கும்:

மலையேறிப் போகையில மழைவருது
மடியிலே வச்ச வெல்லம் கரைஞ்சிடுது
மனசிலே வச்ச சொல்லு வெளிவருது

குழு நிற்கும் விதத்தை நன்றாகக் கவனியுங்கள். பாடகர்கள் மூன்று நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் அல்லது நடுவில் ஒருவர். அவருக்குச் சுவான் பாஷி என்று பெயர். அவர் பெரும்பாலும் பாடமாட்டார். எதிர்க்குழு பாடும்போதே பதிலைக் கட்டி, ஒவ்வொரு பாடகரின் காதிலும் ஒரு வரியைச் சொல்லுவார். முதல்வர் முதல் வரி, இரண்டாமவர் இரண்டாம் வரி என்று போகும். கடைசியில் எல்லாரும் சேர்ந்து 'ஹுவா யா, லியாங் லியென் யேர்' என்று முடிப்பார்கள். அந்தப் பல்லவி ஓடும் சில நொடிகள்தான் எதிர்ப்பக்கத்துச் சுவான் பாஷிக்குக் கிடைக்கும் அவகாசம். அதனால்தான் பல்லவியை இழுத்துப் பாடுகிற குழுவை எதிராளிகளுக்குப் பிடிக்கும். குழுவில் நல்ல குரல் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். சொல் கட்டத் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் இரண்டாவது சுற்றிலேயே நின்றுவிடும்.

புறப்படும் முன் பயிற்சி

ஐந்து பேர் சேருங்கள்: நால்வர் பாட, ஒருவர் சொல் கட்ட. சொல் கட்டுபவராகச் சங்கீதம் படித்தவரைவிடக் கல்யாண வீட்டில் சட்டென்று எதிர்ப்பாட்டு கட்டும் அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் அவரையே அழைத்துப் போங்கள். வாரம் இருமுறை, எட்டு வாரம் போதும். பயிற்சி கட்டாயம் வெளியில் நடக்க வேண்டும். கோவில் மண்டபத்தில் பழகிய குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதை நம்பியிருக்கும், மலையில் அந்தத் துணை கிடைக்காது. கடற்கரைச் சவுக்குத் தோப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து முப்பது மீட்டர் இடைவெளியில் நில்லுங்கள். எதிரணியின் ஒவ்வொரு சொல்லும் புரிகிற வரை தள்ளிப் போகாதீர்கள்.

அங்குள்ள பாடகர்கள் ஒரு கையைக் காதோரம் குவித்துப் பாடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். திறந்த வெளியில் தன் குரல் தனக்குக் கேட்க அது உதவுகிறது. நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். ஆண்களும் உச்சத்தில் கள்ளக்குரலில் பாடுவார்கள். அதைப் போலச் செய்கிறேன் என்று தொண்டையை இறுக்கினால் மறுநாள் பேச்சே வராது. இயல்பான குரலில் பாடுவதும் அங்கே ஒப்புக்கொண்ட முறைதான். சுருதியை வீட்டில் பாடுவதைவிட ஒன்று, ஒன்றரைக் கட்டை குறைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் மூச்சு குறையும், நீளமாக நிற்கும் சுரம் பாதியில் அறுந்துபோகும்.

கேட்டுப் பழக ஜூ ஜோங்லூவின் ஒலிப்பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். சிங்ஹாயில் பிறந்து 2007இல் மறைந்த அவரை ஹுவாரின் அரசர் என்றே அழைக்கிறார்கள்.

செகாவுக்கு அடிக்கும் ராவான் பறையை எடுத்துப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். லியென்ஹுவாவுக்கு வேண்டாம். அங்கே பாட்டு வாத்தியம் இல்லாதது. தோல் வாத்தியம் ஒலித்தால் சுவான் பாஷி காதில் சொல்லும் வரி பாடகருக்குக் கேட்காது, சுற்றியிருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆட்டுத்தோலைச் சூடாக்க அந்தக் காட்டில் தீ மூட்டவும் கூடாது.

மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் அவசியம். பெய்ஜிங் சீனம் மட்டும் தெரிந்தவர் போதாது, பாட்டின் பேச்சு வேறு. லின்ஷியா அல்லது காங்லே ஊர்க்காரராக, ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரிந்த மாணவர் ஒருவரை லான்ஜோவில் முன்கூட்டியே பேசி வையுங்கள். உங்கள் வரிகளின் பொருளைச் சீனத்தில் எழுதி அவரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். பாடி முடித்ததும் அவர் ஒரே மூச்சில் பொருளைச் சொல்ல வேண்டும். விளக்கம் நீண்டால் கூட்டம் கலைந்துவிடும்.

இதைவிட நல்ல வழியும் ஒன்று உண்டு. ஒரு வரி திபெத்திய மொழியிலோ து மொழியிலோ, அடுத்த வரி சீனத்தில் என்று கலந்து பாடும் பழைய முறைக்கு அங்கே 'காற்று கலக்கிய பனி' என்று பெயர். அதே போல 1, 3 வரிகளைத் தமிழிலும், 2, 4 வரிகளை அங்கே போய்க் கற்றுக்கொண்ட வட்டாரச் சீனத்திலும் பாடுங்கள். இரண்டே வரிதான், ஒரு மாலையில் மனப்பாடம் ஆகிவிடும். வேற்று மொழிக்காரர் பாட்டை இப்படிக் கலந்து கொண்டுவருவது அந்த மக்களுக்குப் புதிதல்ல, அதனால் உங்களை விருந்தாளியாக ஓரத்தில் உட்கார வைக்காமல் வட்டத்துக்குள் இழுத்துக்கொள்வார்கள்.

மலையில் நடப்பது

லியென்ஹுவாவுக்குப் போகும் பாதையில் உள்ளூர் இளைஞர்கள் மாலியென் புல்லில் திரித்த கயிற்றைக் குறுக்கே பிடித்து நிற்பார்கள். வருகிற குழு பதில் பாடினால்தான் கயிறு இறங்கும். மேலே சொன்ன நான்கு வரியை இதற்காகத்தான் கட்டினோம். ஹஜோ கட்டாக இருந்தாலும் விருந்தினர் என்பதால் ஏற்றுக்கொள்வார்கள், மூன்று வரிக் கட்டாக மாற்றிப் பாடினால் ஆரவாரமே எழும். கயிற்றைத் தாண்டிக் குதிப்பதோ, பணம் நீட்டுவதோ கூடாது. பாட வராதவர்கள் இனிப்புப் பொட்டலம் கொடுத்துச் சிரித்துக்கொண்டே போகலாம்.

முதல் நாட்களில் லியென்லு பகுதியின் ஸூகு பள்ளத்தாக்கில் கூடி மலை ஏறுவார்கள். நான்காம் நாள் வாக்கில் இறங்கி இரவு முழுக்கப் பாட்டு. கடைசியில் விடைபெறும் பாட்டோடு பிரிவார்கள். ஒரே ஒரு இரவுதான் தங்க முடியும் என்றால் நான்காம் நாள் இரவைத் தேர்ந்தெடுங்கள். பகலில் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 5 மணிக்குப் பின்னும் வட்டங்கள் அடர்த்தியாக இருக்கும். நடுப்பகலில் ஒலிபெருக்கி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். குடையும் விசிறியும் பிடித்த பெண்கள் கூடி நிற்கும் இடத்தைத் தேடி நடங்கள், பாட்டு அங்கேதான் இருக்கும்.

வட்டத்தில் சேர்ந்ததும் உடனே பாடாதீர்கள். இரண்டு மூன்று சுற்று கேட்டு, பல்லவியில் மட்டும் குரல் சேர்த்து, எதிர்ப்பக்கம் உங்களைப் பார்த்து ஒரு வரி எறிந்த பிறகு எடுங்கள். பதில் அவர்கள் கேட்டதற்கு ஒட்டியிருக்க வேண்டும். எந்த ஊர் என்று கேட்டால் ஊரைச் சொல்லுங்கள், கடல் எவ்வளவு பெரிது என்று கேட்டால் கடலைப் பாடுங்கள். தயார் செய்து வந்த காதல் பாட்டைத்தான் பாடுவேன் என்று நிற்பது அங்கே அவமரியாதை.

யார் முன்னால் பாடலாம்

இதைத் தெரியாமல் போகிறவர்களால்தான் மனக்கசப்பு வருகிறது. ஹுவார் பெரும்பாலும் காதல் பாட்டு. ஊருக்குள்ளும் வீட்டுக்குள்ளும் பாடக் கூடாது, பெற்றோர், பிள்ளைகள், மாமனார் மாமியார் முன்னால் பாடக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. அதை இன்றும் மதிக்கிற குடும்பங்கள் நிறைய. மலை அதற்கென்றே விட்டுக்கொடுத்த வெளி. ஆகவே சாப்பிட அழைத்த வீட்டில் 'ஒரு பாட்டு பாடுங்கள்' என்று கேட்காதீர்கள். நம் வீடுகளில் விருந்தாளி பாடச் சொல்வது அன்பின் அடையாளம், அங்கே அது ஒரு மருமகளைத் தலைகுனிய வைக்கும். ஒரு பெண் பாடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தி விலகினால், உறவினர் யாரோ வந்திருக்கலாம். ஏன் என்று கேட்க வேண்டாம். மசூதிப் பெரியவர்களிடமும் ஹுவார் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.

பாடகர்களில் முஸ்லிம்கள் ஏராளம், மதுவைப் பரிசாக நீட்டாதீர்கள். நம் ஊர் வனிலா தேயிலை நல்ல பரிசு. ஹுய் வீடுகளில் உலர்ந்த சீன இலந்தையும் கற்கண்டும் போட்ட மூடிக் கிண்ணத் தேநீர்தான் உபசாரம், ஆகவே தேயிலையின் அருமை தெரிந்தவர்கள். கடிகாரம் கொடுக்கக் கூடாது.

பயணம், உடம்பு, சாப்பாடு

மொரீஷியஸ் கடவுச்சீட்டுக்கு 2013 முதல் சீன விசா வேண்டியதில்லை, எத்தனை நாள் தங்கலாம் என்பதைப் புறப்படும் முன் தூதரகத்தில் உறுதி செய்யுங்கள். பெரிய நகரம் ஒன்றில் விமானம் மாறி லான்ஜோ. அங்கிருந்து சாலை வழியே காங்லே, பிறகு வாடகை வண்டியில் மலை. விடுதியில் தங்காமல் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். வாட்ஸ்அப்பும் கூகிளும் அங்கே திறக்காது. அலிபே என்ற கட்டணச் செயலியில் உங்கள் வங்கி அட்டையை இங்கேயே இணைத்துவிடுங்கள், மலைக் கடைகளுக்குச் சில்லறை நோட்டும் வைத்திருங்கள்.

நம் தீவின் மிக உயரமான சிகரமே 828 மீட்டர்தான். லான்ஜோ 1,500 மீட்டரைத் தாண்டியது. அங்கே ஓர் இரவு, லின்ஷியாவில் ஓர் இரவு தங்கி, பிறகு மலைக்குப் போங்கள். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் வாந்தியும் வந்தால் மேலே ஏறாமல் இறங்கிவிடுங்கள். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புறப்பட வேண்டாம். அங்கே ஜூலை மழைக்காலம், சில நேரம் ஆலங்கட்டியும் விழும். க்யூர்பீப் குளிருக்குப் போடும் ஜெர்சி இரவுப் பாட்டுக்குப் போதாது. காற்றுப் புகாத மழைச்சட்டை, கம்பளித் தொப்பி, வழுக்காத காலணி, தலைவிளக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி விரதம் இருப்பவர்கள் சாப்பாட்டில் கவனமாக இருக்க வேண்டும். காய் நூடுல்ஸ் என்று சொன்னாலும் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியிலோ ஆட்டிறைச்சியிலோ கொதித்ததுதான். 'வொ ச்சர் சூ' என்றால் நான் சைவம் என்று பொருள். அதோடு சாற்றிலும் இறைச்சி கூடாது என்று சீனத்தில் எழுதிய சீட்டைக் காட்டுங்கள். காடியும் மிளகாயும் போட்ட நியாங்பீ என்ற குளிர்ந்த மாவுப் பட்டை, புளித்த கீரைத் தண்ணீரில் செய்யும் ஜியாங்ஷுய் நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, ரொட்டி கிடைக்கும். மலைக்கு அவல், வறுத்த கடலை எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

ஒலிப்பதிவு

மேடை நிகழ்ச்சியைத் தாராளமாகப் படம் எடுக்கலாம். வட்டத்துப் பாட்டுக்கு அனுமதி கேளுங்கள், அதுவும் பாட்டுக்கு முன். கேட்டாலும் ஒலியை மட்டும் பதிவது நல்லது. இரவில் ஒரு பெண் பாடிய காதல் வரி, முகத்தோடு இணையத்தில் ஏறினால், அடுத்த நாளே அவள் மாமியார் வீட்டுக் கைப்பேசிக்குப் போய்ச் சேரும். வீட்டில் பாடக் கூடாத பாட்டை நீங்களே அந்த வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பாடவைத்ததாக ஆகும். பதிவுக் கருவியின் ஒலிவாங்கிக்குக் காற்றுத் தடுப்பு உறை போடுங்கள், இல்லையென்றால் மலைக்காற்று இரைச்சல்தான் மிஞ்சும். எதிர்க்குழுவுக்கும் உங்கள் குழுவுக்கும் நடுவில் வைக்காமல் எதிர்ச் சுவான் பாஷிக்கு இரண்டு அடி பின்னால் வைக்க அவர் சம்மதித்தால், அவர் முணுமுணுத்த வரியும் பாடகர் பாடிய வரியும் இரண்டுமே பதிவாகும். பாடும்போது எதை மாற்றினார்கள் என்பது அப்போதுதான் தெரியும். கோப்பின் பெயரில் மலை, சந்திர மாத நாள், மெட்டின் பெயர், குழுவின் ஊர் ஆகியவற்றை எழுதுங்கள், பாடியவர் ஒப்புக்கொண்டால் மட்டும் அவர் பெயர். மலையிறங்கும் முன்னே வீசாட் என்ற அங்குள்ள செய்திச் செயலி வழியாக ஒரு நகலைப் பாடியவர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.